பதினெட்டுப் பல்

பெரியப்பாவின் புல்லட்டுக்கு எஞ்சின் மாற்றி ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. வேலையில் குறை ஒன்றும் இல்லை. ஆயில் ஒழுகுகிறது, ஆனால் பழைய புல்லட் ஒழுகுகிற அளவுக்குத்தான் ஒழுகுகிறது. ஆர்.சி. புதுப்பித்தாயிற்று, இன்ஷூரன்ஸ் போட்டாயிற்று, ஞாயிற்றுக்கிழமைகளில் கோபியிலிருந்து பண்ணாரி வரைக்கும் போய் ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன். டீக்கடையில் யாராவது ஒருவர் வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து எஞ்சினைப் பார்த்துவிட்டு, "சூப்பரா ஒரிஜினலுக்குக் கொண்டு வந்துட்டீங்க" என்று சொல்லாமல் போவதில்லை. நானும் சிரித்துத் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறேன். ஆனால் அந்த ஒரிஜினல் என்கிற சொல் ஒவ்வொரு தடவையும் எங்கேயோ இடிக்கிறது, செருப்புக்குள் போன சின்னக் கல் மாதிரி, வீடு வருகிற வரைக்கும்.

1978 மாடல், ஸ்டாண்டர்டு 350. பெரியப்பா அதை 1986-ல் ஒரு வாத்தியாரிடமிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கினார். ஏழு வருஷம் பெட்ரோலில் ஓட்டினார். காலையும் சாயங்காலமும் இரண்டு பக்கமும் கேன் கட்டிக்கொண்டு பால் சொசைட்டிக்குப் போகிற வண்டி அது, அந்த பாரத்தோடு லிட்டருக்கு 30 கிலோமீட்டர்கூடக் கிடைக்காது, பால் காசு பாதி பெட்ரோல் பங்கிலேயே நின்றுவிடும். அப்போது டீசல் விலை பெட்ரோல் விலையில் பாதிகூட இல்லை. என்ஃபீல்டு கம்பெனியே டாரஸ் என்று டீசல் புல்லட் விற்றுக்கொண்டிருந்த காலம். அதைப் புதிதாக வாங்கக் கையில் காசில்லாதவர்கள், இருக்கிற பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு, அதே கிரீவ்ஸ் லம்பார்டினி எஞ்சினை, அதாவது கிணற்றில் தண்ணீர் இறைக்கவும் ஜெனரேட்டர் ஓட்டவும் வைத்திருந்த அந்த 325 சிசி டீசல் எஞ்சினை, பட்டறையில் பிளேட் வெட்டிச் சொந்தமாக ஏற்றிக்கொண்டார்கள். 1993-ல் பெரியப்பாவும் ஏற்றினார். 18 குதிரைத் திறன் போய் ஆறரைக் குதிரைத் திறன் வந்தது. முறுக்கினாலும் 60-க்கு மேல் போகாது, ஆனால் லிட்டருக்கு 70-க்குக் குறையாது. அதிர்வில் நம்பர் பிளேட் விரிசல் விடும், கண்ணாடி மாட்டினால் மூன்று மாதத்தில் கழன்று விழும். அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. ஊரில் அவருக்கு டீசல்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது.

நான் பிறந்தது 1990. எனக்கு நினைவு தெரிந்து அந்த வண்டி டீசல் வண்டிதான். பள்ளி லீவுக்குப் போனால் டேங்க் மேல் உட்கார வைத்துத் தோட்டத்துக்குக் கூட்டிப் போவார், இறங்கின பிறகும் கால் மணி நேரம் தொடை நடுங்கிக்கொண்டே இருக்கும். மெயின் ரோட்டிலிருந்து மண் ரோட்டுக்குத் திரும்பும்போதே சத்தம் வீட்டுக்குக் கேட்கும், பெரியம்மா அப்போது அடுப்பில் தண்ணீர் வைத்தால் அவர் வந்து கை கால் கழுவி உட்காரும்போது காப்பி தயார். அவர் 2017-ல் போனார். வண்டி மாட்டுக் கொட்டகையில் வைக்கோலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

காகிதத்தில் மாறாத வண்டி

மாற்ற வேண்டும் என்கிற கட்டாயம் காகிதத்திலிருந்து வந்தது. 24 வருஷம் டீசலில் ஓடின வண்டி, ஆர்.சி. புத்தகத்தில் ஒரு நாள்கூட டீசல் ஆகவில்லை. எரிபொருள் பெட்ரோல் என்று இருந்தது, எஞ்சின் நம்பர் 1978-ல் திருவொற்றியூர் தொழிற்சாலையில் குத்திய நம்பராக இருந்தது. எஞ்சின் மாற்றினால் 14 நாளைக்குள் பதிவு அலுவலகத்தில் சொல்ல வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவில் இருக்கிறது. பெரியப்பா சொல்லவில்லை, யாரும் அவரைக் கேட்கவும் இல்லை. இப்போது நிலைமை அப்படி இல்லை. தயாரித்தவர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. காலாவதியான ஆர்.சி.யைப் புதுப்பிக்க வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், இன்ஸ்பெக்டர் குனிந்து நம்பர் பார்ப்பார். டீசல் எஞ்சினோடு போனால் அப்படியே திரும்பி வர வேண்டியதுதான்.

இது ஒரு காரணம். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், எனக்கு அந்தப் பெட்ரோல் புல்லட் சத்தம் வேண்டும் என்று ஆசை இருந்தது. வார்ப்பிரும்பு பேரல், அதன் உள்விட்டமான போர் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்குகிற ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர், வண்டி நிற்கும்போது ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் விழுகிற அந்த ஐடில். வீடியோவில் கேட்டுக் கேட்டு ஏற்றிக்கொண்ட ஆசை. சட்டம் வேறு துணைக்கு வந்ததால் அதை ஆசை என்று யாரிடமும் ஒப்புக்கொள்ள வேண்டி வரவில்லை.

கோபியில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணனுக்கு 60 வயதுக்கு மேல் இருக்கும். டீசல் எஞ்சினை இறக்க அரை நாள்கூட ஆகவில்லை. இறக்கின பிறகுதான் எனக்கு ஒன்று புரிந்தது. பழைய புல்லட் ஃபிரேமில் எஞ்சினுக்கு அடியில் குழாயே கிடையாது. முன்பக்கம் இறங்குகிற ஒற்றைக் குழாய் எஞ்சினுக்கு முன்னால் அந்தரத்தில் நின்றுவிடும், பின்பக்கம் சீட்டுக்கு அடியிலிருந்து இறங்குவது கியர்பாக்ஸுக்குப் பின்னால் நின்றுவிடும். இந்த இரண்டையும் இணைப்பது எஞ்சினும் கியர்பாக்ஸும் அவற்றைப் பிடிக்கிற பிளேட்டுகளும்தான். எஞ்சினை எடுத்துவிட்டால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே டேங்குக்கு அடியில் ஓடுகிற குழாய் மட்டும் மிச்சம். வாயைத் திறந்துகொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. எஞ்சின் என்றால் ஃபிரேமுக்குள் வைக்கிற ஒரு பொருள் என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தேன். இந்த வண்டியில் ஃபிரேமில் பாதியே எஞ்சின்தான்.

அந்த வாய் 24 வருஷத்தில் விரிந்தும் போயிருந்தது. டீசல் எஞ்சினுக்காக 1993-ல் யாரோ முன் குழாயில் ஒரு துண்டுப் பட்டையை வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தார்கள். அதை அறுத்துத் தேய்த்துவிட்டுப் பெட்ரோல் எஞ்சினின் முன் பிளேட்டை வைத்துப் பார்த்தால், ஓட்டைக்கும் ஓட்டைக்கும் 6 மில்லிமீட்டர் தள்ளி நின்றது. அண்ணன் பீடியை அணைத்துவிட்டு, "இத்தன வருசமா வேற ஆளுக்குப் பழகிருச்சுங்க தம்பி, இனி நம்மதான் இழுத்துப் பழக்கோணும்" என்றார். ஒரு நீளமான கம்பிக்கு இரண்டு முனையிலும் மரை போட்டு, முன்னுக்கும் பின்னுக்கும் மாட்டி, ஒரு நாளைக்கு ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று என்று நட்டை முறுக்கி நான்கு நாளில் இழுத்துக் கொண்டுவந்தார். ஒரேயடியாக முறுக்கினால் பிளேட்டைப் பிடிக்கிற லக் விரிசல் விடும் என்றார். டேங்கில் டீசல் திரும்பி வருகிற குழாய்க்குப் போட்டிருந்த ஓட்டையைப் பித்தளை வைத்து அடைத்தார்கள். டேங்கை நான்கு தடவை கழுவியும் டீசல் வாடை போகவில்லை. இன்றைக்கும் வெயிலில் நிறுத்திவிட்டு மூடியைத் திறந்தால் லேசாக வரும்.

நம்பர்

எஞ்சின் தேடின கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஒரு பழைய பாகங்கள் விற்கிற கடைக்குப் போனேன், எந்த ஊர், எந்தக் கடை என்பது வேண்டாம். எஞ்சின் நல்லதாக இருந்தது. நம்பர் வேறாயிற்றே என்றேன். கடைக்காரர் என் ஆர்.சி.யை வாங்கிப் பார்த்துவிட்டு, வெற்றிலை பாக்கு விலை சொல்வது மாதிரி, "இதைத் தேச்சுட்டு உங்க நம்பரையே குத்தித் தந்துர்றேன், 2,000 சேத்திக் குடுங்க" என்றார். அது குற்றம் என்று தெரியும். தெரிந்தும் ஒரு நிமிஷம் மனசு கணக்குப் போட்டது என்பதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. வெளியே வந்து கரும்புச் சாறு குடிக்கும்போதுதான், அவர் தேய்த்துவிடுகிறேன் என்ற அந்த நம்பர் யாருடையது, அவர் வண்டி எப்படிப் போயிற்று என்கிற கேள்வி வந்தது. திரும்பி உள்ளே போகவில்லை.

கடைசியில் கிடைத்தது தாராபுரம் பக்கம் ஒரு விவசாயியிடம். அவருடைய புல்லட்டை லாரி இடித்து, முன் ஃபோர்க்கும் ஃபிரேமின் கழுத்தும் முறிந்து போயிருந்தது. நல்லவேளை, அவர் அன்றைக்கு வண்டியில் இல்லை. பதிவை ரத்து செய்ய எழுதிக் கொடுத்திருந்தார், அந்தக் காகிதத்தின் நகல், ஆர்.சி. நகல், விற்றதற்குக் கைப்பட எழுதின ஒரு கடிதம், எல்லாம் தந்தார். 28,000 ரூபாய். ஆட்டோவில் ஏற்றும்போது எஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டே நின்றவர், கிளம்பும்போது ஒன்று மட்டும் கேட்டார்: "ஸ்டார்ட் பண்றப்ப ஒருக்கா போன் போடுங்க தம்பி, கேட்டுக்கறேன்."

இனி நம்பர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுத்து அலைய வேண்டும் என்று இருந்தபோதுதான் பெரியம்மா சாதாரணமாக, "பழைய எஞ்சினு ஒண்ணு அட்டாலில கெடக்குதே, அது ஆகாதா கண்ணு?" என்றார். 1993-ல் பழைய எஞ்சினைப் பெரியப்பா எடைக்குப் போட்டுவிட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். சிமென்ட் சாக்குக்குள், கிரீஸ் தடவின பழைய வேட்டியில் சுற்றி, எஞ்சின் இல்லை, எஞ்சினின் கிராங்க் கேஸில், அதாவது உள்ளே கிராங்க் சுற்றுகிற அடிக்கூட்டில், இடது பாதி மட்டும் இருந்தது. பேரல் உட்காருகிற இடத்துக்குக் கீழே நம்பர். விரலால் கிரீஸை வழித்துவிட்டு ஆர்.சி.யோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டேன். அதே நம்பர். எஞ்சின் முழுவதையும் விற்றவர், நம்பர் இருக்கிற அந்தப் பாதியை மட்டும் பிரித்து வைத்துக்கொண்டிருக்கிறார். ஏன் என்று பெரியம்மாவுக்கும் தெரியவில்லை. எப்போதாவது பெட்ரோலுக்கே திரும்பலாம் என்று நினைத்தாரா, இல்லை விற்றால் யாராவது அந்த நம்பரை வைத்து வேறு வண்டி ஓட்டுவார்கள் என்று பயந்தாரா? அவர் பயப்படுகிற ஆள் இல்லை, அதனால் முதலாவதுதான் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்ள எனக்கும் அதுதான் வசதி.

இனி ஒரு முடிவு எடுக்க வேண்டும். தாராபுரத்து எஞ்சினை அப்படியே ஏற்றினால் அது ஒரே தாய் வயிற்றுப் பிள்ளை மாதிரி, இரண்டு பாதியும் ஒன்றாகவே கடைந்து வந்தவை, எல்லாம் ஒன்றோடொன்று பழகினவை. ஆனால் நம்பர் வேறு. எங்கள் இடது பாதியை அதன் வலது பாதியோடு சேர்த்தால் நம்பர் சரி, ஆனால் எஞ்சின் ஒட்டுச்செடி. கிராங்க் கேஸின் இரண்டு பாதியையும் தொழிற்சாலையில் ஒன்றாகப் பூட்டித்தான் கடைவார்கள், அதனால் ஒன்றின் இடதும் இன்னொன்றின் வலதும் பார்வைக்குப் பொருந்தினாலும் உள்ளே பேரிங் உட்காருகிற மையம் ஒரே கோட்டில் இருக்கும் என்று சொல்ல முடியாது. கோடு தப்பினால் கிராங்க் இழுத்துக்கொண்டு சுற்றும், ஆயிரம் கிலோமீட்டரில் பேரிங் போய்விடும். மெக்கானிக் அண்ணன் பிடிவாதமாக வேண்டாம் என்றார். "நல்லா இருக்கற எஞ்சினைப் பிரிச்சு எதுக்குங்க கெடுக்கறீங்க, நம்பருக்கு எழுதிக் குடுத்தா முடிஞ்சுது." அவர் சொன்னது நியாயம்தான். நான் கேட்கவில்லை. பெரியப்பா 24 வருஷம் வேட்டியில் சுற்றி வைத்திருந்ததை மறுபடி அட்டாலிக்கு ஏற்ற மனசு வரவில்லை.

இரண்டு பாதியையும் தூக்கிக்கொண்டு கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குப் போனோம். பம்புக்கும் மோட்டாருக்கும் வேலை செய்து பழகின கை, பட்டறைக்காரர் அதிகம் பேசவில்லை. இரண்டையும் போல்ட் போட்டுப் பூட்டினார், இடது பாதியில் இரண்டு பேரிங், வலது பாதியில் ஒன்று, புதிது போட்டு, அவற்றுக்குள் போகிற மாதிரி ஒரு டம்மி ஷாஃப்ட் கடைந்து செருகினார். என்னைக் கூப்பிட்டு, "சுத்திப் பாருங்க" என்றார். ஒரு விரலால் தள்ளினேன். கால் சுற்று போய் நின்றது. எஞ்சின் மேல் வாயில், பேரல் உட்காருகிற இடத்தில், ஒரு ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி அடியில் டார்ச் அடித்தார். ஸ்கேலுக்குக் கீழே இடது பக்கம் இருட்டாக இருந்தது, வலது பக்கம் மயிரிழை வெளிச்சம். இரண்டு பாதிக்கும் நடுவே ஒரு சின்னப் படி. பாயிண்ட் ஒன் எம்எம் இருக்கும் என்றார், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. 1978-ல் செய்த ஒன்றும், வேறு ஏதோ வருஷத்தில் வேறு கை செய்த ஒன்றும், ஒரே கம்பெனி, ஒரே வரைபடம், அத்தனை ஆயிரத்தில் இந்த இரண்டும் ஒன்றையொன்று தெரியாது என்பதற்கு அந்த ஒரு கீற்று வெளிச்சம் சாட்சி.

அவர் வலது பாதியில் பேரிங் உட்காருகிற குழியைப் பெரிதாகக் கடைந்து, அதில் ஸ்லீவ் என்கிற ஒரு வளையத்தை இறுக்கி, இரண்டு பாதியையும் பூட்டினபடியே இடது பக்க மையத்தை வைத்து ஸ்லீவை மறுபடி கடைந்தார். மேல் வாயை இரண்டும் சேர்ந்தே ஒரு மெல்லிய வெட்டு எடுத்தார். மூன்றாவது நாள் போனபோது டம்மி ஷாஃப்டை விரலால் தட்டினேன், நான் பேசி முடிக்கிற வரைக்கும் சுற்றிக்கொண்டிருந்தது. தாராபுரத்து இடது பாதி மிச்சமானது. வேண்டுமா என்று அந்த விவசாயிக்குப் போன் செய்து கேட்டேன். "நம்பர வெச்சு நான் என்ன பண்றதுங்க, இரும்புதானே" என்று சிரித்தார். எடைக்குப் போட எனக்கு மனசில்லை. சிமென்ட் சாக்கும் வேட்டியும் காலியாகத்தான் இருந்தன. இப்போது அட்டாலியில் இருப்பது அவருடைய நம்பர்.

முள் அசைந்த நாள்

எஞ்சின் பூட்டுகிற வேலையை அண்ணன் இரண்டு வாரம் இழுத்தார். பிக் எண்ட் புஷ் புதிது, பிஸ்டன் புதிது, பேரல் கடைந்தது. வால்வுக்கான டேப்பட் இடைவெளி வைக்கும்போது என் கையைப் பிடித்துப் புஷ் ராடில் வைத்து, "ரெண்டு வெரல்ல உருட்டுங்க, உருளோணும். மேலயுங் கீழயும் ஆட்டுங்க, ஆடக்கூடாது. அவ்வளவுதான் அளவு" என்றார். டைமிங் வைக்கப் பிளக் ஓட்டையில் ஒரு ஸ்போக் கம்பியை விட்டு பிஸ்டன் ஏறுவதைப் பார்த்தார், பிளக்கில் பொறி வர வைக்கிற பாயிண்ட்டுக்கு நடுவில் சிகரெட் தாளைச் சொருகி இழுத்துக்கொண்டே இருந்தார், தாள் எந்த இடத்தில் விடுபடுகிறதோ அங்கேதான் பாயிண்ட் திறக்கிறது. கார்புரேட்டர் மிக்கார்ப், அதுவும் தாராபுரத்திலிருந்து வந்ததுதான்.

ஒரு சனிக்கிழமை, தோட்டத்து வீட்டு வாசலில் வைத்துத்தான் முதல் கிக் என்று பெரியம்மா சொல்லிவிட்டார். எலுமிச்சம்பழம், சூடம் எல்லாம் ஆயிற்று. தாராபுரத்துக்காரருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துத் திண்ணையில் வைத்தேன். சாவியைத் திருப்பினேன். ஹெட்லைட் டூமில் ஸ்பீடாமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கிற ஆம்பியர் மீட்டரின் முள், என் வாழ்நாளில் பெரிதாக அசைந்து நான் பார்க்காத முள், இடது பக்கம் சாய்ந்தது. டீசலில் பாயிண்ட்டும் கிடையாது காயிலும் கிடையாது, அதனால் அதைச் சும்மா ஒரு அலங்காரம் என்றே சின்ன வயதில் நினைத்திருந்தேன். கிக்கரை மெல்ல மெல்ல அழுத்தினேன், முள் நடுவுக்குத் திரும்பியது, பாயிண்ட் திறந்துவிட்டது என்று அர்த்தம். சிலிண்டருக்குள் இருக்கிற அழுத்தத்தை வெளியே விடுகிற டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் தள்ளி, விட்டு, கிக்கரை மேலே விட்டு, மூச்சைப் பிடித்து ஒரே மிதி. முதல் மிதியில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் ஒரு இருமல். நான்காவதில் எடுத்துக்கொண்டது.

அண்ணன் உடனே ராக்கருக்குப் போகிற ஆயில் பைப்பின் போல்ட்டைத் தளர்த்தி ஆயில் கசிகிறதா என்று பார்த்து இறுக்கினார். எல்லோரும் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான் மட்டும் பெரியம்மாவைப் பார்த்தேன். உண்மையில் அந்த நேரத்துக்காகத்தான் ஒரு மாதமாகப் பயந்துகொண்டிருந்தேன். 24 வருஷம் அந்த டீசல் சத்தத்தை வைத்து அடுப்பில் தண்ணீர் வைத்தவர், இது அவர் வண்டியே இல்லை என்று சொல்லிவிடுவார், அழுவார், நான் ஏதாவது சமாதானம் சொல்ல வேண்டி வரும் என்று மனசுக்குள் வசனம்கூடத் தயாராக வைத்திருந்தேன். பெரியம்மா அழவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "வாங்கின புதுசுல இப்பிடியேதான் இருந்துச்சு. என்னைய வெச்சுட்டுப் பவானிக் கூடுதுறைக்குப் போனாரு." சத்தம் அந்த ஏழு வருஷத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. நான் பிறப்பதற்கு முன்னால் அவருக்கு ஒரு வண்டி இருந்தது, ஒரு வயது இருந்தது, எனக்கு அது தோன்றவே இல்லை.

திண்ணையில் போன் கத்திக்கொண்டிருந்தது. எடுத்துக் காதில் வைத்தேன். தாராபுரத்துக்காரர், "அதேதானுங்க தம்பி, எங்க வண்டி சத்தமேதான், ஆக்ஸிலேட்டர் விடறப்ப ஒரு விக்கல் விக்கும் பாருங்க, அது அப்பிடியே இருக்குது" என்றார். குரல் உடைந்திருந்தது. பாதி மாற்றிய எஞ்சின், புது பிஸ்டன், கடைந்த பேரல், வேறு ஃபிரேம், வேறு சைலன்சர், 70 கிலோமீட்டருக்கு அப்பால் போன் ஸ்பீக்கரில். ஆனாலும் அவருக்கு அது அவர் வண்டிதான், நான் மறுத்துச் சொல்ல என்ன இருக்கிறது. விக்கலுக்குக் காரணம் கார்புரேட்டர் ஊசி தேய்ந்திருப்பது, அப்புறம் அதை மாற்றிவிட்டோம்.

ஆக, அன்றைக்கு அந்த வாசலில் இரண்டு பேர் ஒரே சத்தத்தில் தங்கள் தங்கள் வண்டியைத் திரும்பப் பெற்றார்கள். ஆர்.டி.ஓ.வில் காட்டப் போனபோது மூன்றாவது சாட்சியும் கிடைத்தது, இன்ஸ்பெக்டர் துணியால் துடைத்து நம்பரைப் படித்து, புத்தகத்தோடு சேர்த்துப் பார்த்து, சரி என்று எழுதிக்கொண்டார். வண்டியைத் தொலைத்தது நான் ஒருவன்தான். ஒரிஜினல் ஒரிஜினல் என்று துரத்திப் போய்ப் பிடித்தது நான் ஒரு நாளும் பார்த்திராத வண்டி. நான் பார்த்த வண்டி, தொடை நடுங்க டேங்க் மேல் உட்கார்ந்த வண்டி, காகிதத்தில் ஒரு நாளும் இருந்ததில்லை, அதனால் அதை இழந்ததற்கும் எங்கேயும் பதிவில்லை. பழைய வண்டியைக் கம்பெனியிலிருந்து வந்த மாதிரி ஆக்குவதுதான் மரியாதை என்று எல்லோரும் பேசுகிறார்கள், நானும் பேசினேன். கம்பெனியிலிருந்து வந்த நாளில் அந்த வண்டிக்கு எங்கள் வீட்டில் யாரையும் தெரியாது. டீசலாகவே விட்டிருக்கலாமா என்று கேட்டால், சட்டப்படி முடியாது என்பது சரியான பதில். அந்தப் பதில் கையில் இருப்பதால்தான் கேள்வி போகமாட்டேன் என்கிறது என்று நினைக்கிறேன்.

டீசல் எஞ்சினைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் கேட்டார், பெரியம்மா காசு வாங்காமல் கொடுத்துவிட்டார். பம்புக்கு என்று பிறந்த எஞ்சின் பம்புக்கே போய்ச் சேர்ந்தது.

வண்டியில் டீசல் காலத்துச் சாமான் இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. டீசல் எஞ்சின் நிமிஷத்துக்கு 3,600 சுற்றுக்கு மேல் போகாது, அதனால் அது சுற்றுகிற குறைந்த சுற்றிலேயே சக்கரம் அதிகம் ஓட வேண்டும் என்று 1993-ல் கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டை, அதாவது செயின் ஓடுகிற பல் சக்கரத்தை, 16 பல்லிலிருந்து 18 பல்லாக மாற்றியிருந்தார்கள். எஞ்சின் ஏற்றின அன்றைக்குக் கடையில் 16 கிடைக்கவில்லை, இதிலேயே ஓட்டிக்கொண்டிருங்கள், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றார் அண்ணன். சமதளத்தில் ஒன்றும் தெரியாது, நல்ல சுகமாகவே இருக்கும். மேடு வந்தால்தான் தெரியும். போன மாதம் திம்பம் ஏறினேன், 27 கொண்டை ஊசி வளைவில் ஒன்பதாவதிலேயே வண்டி முதல் கியருக்குக் கெஞ்சியது, பின்னால் வந்த கரும்பு லாரிக்காரர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோனார். திரும்பி வந்து சொன்னபோது அண்ணன் திட்டினார். "அதுக்குன்னு கிளட்ச்சை எல்லாங் கழட்டோணும், அரை நாள் வேலை, ஒரு ஞாயித்துக்கெழம கொண்டாங்க, முடிச்சிரலாம்."

16 பல் ஸ்ப்ராக்கெட் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல் டூல் பாக்ஸில் கிடக்கிறது, பள்ளத்தில் இறங்கும்போது கலகல என்று சத்தம் போடும். வர்ற ஞாயிற்றுக்கிழமை பண்ணாரி வரைக்கும் போகலாம் என்று இருக்கிறேன், அது சமதளம்தான்.